வரிசை நாற்பத்தேழு

வியாழக்கிழமைகளில் இன்வாய்ஸ் வரும்.
வேல்ஸின் வடகரையில், கடல் பார்த்த கவுன்சில் கட்டடத்தில்
ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும். கோட்டைக் கழற்றாமல்
உட்கார்ந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

பெயர்கள் கிடையாது. விதி அப்படி.
வரிசை நாற்பத்தேழு: ஆண், வயது பதினொன்று,
இருக்குமிடம் இங்கிருந்து நூற்றி நாற்பது மைல்,
வாரத்துக்கு ஐயாயிரத்து எண்ணூற்று முப்பது பவுண்டு.

அறைக்கு இவ்வளவு. இரவு விழித்திருக்கும் ஆளுக்கு இவ்வளவு.
அவன் உதைத்துப் பெயர்த்த கதவுக்கு இருநூற்றுப் பத்து.
பள்ளிக்கு டாக்ஸி. டாக்ஸியில் பக்கத்தில் உட்கார ஒருவர்.
மார்ச்சில் இரண்டு இரவு அவன் காணாமல் போனான்,
ஒரு பஸ் நிலையத்தில் போலீஸ் கண்டுபிடித்தது.
அந்த இரண்டு இரவுக்கும் கட்டிலுக்குக் காசு உண்டு.
காலிக் கட்டில் என்று குறைக்க மாட்டார்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
சுமையில் இருப்பது ஒரு பையன் என்பதால்
யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வீடு ஒரு கம்பெனிக்குச் சொந்தம்.
கம்பெனிக்கு ஒரு மரத்தின் பெயர்.
அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குச் சொந்தம்,
அதற்கு வெறும் எழுத்துகள்தான் பெயர்,
மழையே பெய்யாத ஏதோ ஓர் ஊரில் முகவரி.
போன வருடம் நல்ல லாபமாம்.
கெத்தின் அதைப் படித்துக் காட்டிவிட்டு
தன் சாண்ட்விச்சைத் திரும்பவும் காகிதத்தில் சுற்றி வைத்தான்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை.
சமூகப் பணியாளர் நாற்பத்து மூன்று இடங்களுக்குப் போன் செய்தார்,
பையன் அவர் காரின் பின்சீட்டில்
துணி திணித்த குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு.
சரி என்றது ஒரே ஓர் இடம்.
ஒரே கடை திறந்திருக்கும் ஊரில்
யார் பேரம் பேசுவது?

பழைய கோப்புகளும் என்னிடம்தான்.
மூன்று வருடத்துக்கு முன்னால்
அவன் அத்தை லோவ்ரி மனு போட்டிருக்கிறாள்:
அவனை நானே வைத்துக்கொள்கிறேன்,
ஒரு அடுக்குக் கட்டில் வேண்டும்,
இரவு ஷிப்டை விட்டுவிட்டால் வாரம் நூற்றிருபது குறையும், அதுவும்.
பதில் இரண்டே வரி. ஒதுக்கீட்டில் இடமில்லை.
கீழே கையெழுத்து என்னுடையது.

கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.
அந்த ஒரு நிமிடத்தில் எழுந்து போய் டீ போட்டேன்.

இந்த வாரம் இணைப்பில் ஒரு ரசீது.
பிறந்தநாள் செலவு, உச்சவரம்பு அறுபது பவுண்டு.
கேக் இல்லை, விளையாட்டுச் சாமான் இல்லை:
நாய்க்கயிறு ஒன்று, சிவப்பு, பதினான்கரைப் பவுண்டு.
மீதி நாற்பத்தைந்தரை திரும்பி வந்திருக்கிறது.
இந்த இன்வாய்ஸில் பணம் திரும்பி வந்த ஒரே வரி.
அந்த வீட்டில் நாய் கிடையாது. வளர்க்க அனுமதியும் கிடையாது.
ரசீதின் ஓரத்தில், யாரோ கறுப்பு மையால் அடிக்க மறந்த இடத்தில்,
பெரிய பெரிய எழுத்து, பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது:
மேக்சன். எனக்கு இதுதான் வேணும்.

லோவ்ரியின் மனுவில் 'வீட்டில் வசிப்போர்' கட்டத்தில்
தன் பெயருக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்:
பெரோ, நாய், நான்கு வயது.
அன்று நான் அதைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
இப்போது ஏழு இருக்கும்.

நாலு மணிக்கு பட்ஜெட் கூட்டம்.
இருபது லட்சம் துண்டு விழுகிறது;
நூலகமா, நீச்சல் குளமா என்று இழுத்துக்கொண்டிருப்பார்கள்.
அப்புறம் ஒருவர் என் பக்கம் திரும்புவார்:
"ஐர்லிஸ், நாற்பத்தேழில் ஏதாவது குறைக்க முடியுமா?"

நாய்க்கயிற்றுக்கு எந்தத் தலைப்பும் பொருந்தவில்லை.
உடை இல்லை. கல்வி இல்லை.
பொழுதுபோக்கு என்று போட்டால் கணினி விளக்கம் கேட்கிறது.
கடைசியில் பயணச் செலவு என்று போட்டு
பாஸ் செய்தேன்.